"லைன்" என்றால் உங்கள் தொழிலில் எது? கடலூர், புதுவை வட்டாரத் தொழிற்சொற்கள்

தேவனாம்பட்டினம்_கையேடு
தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கும் சுவரில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஆங்கில மூலத்தில் ஒரு சொல் விடாமல் வருகிறது: லைன். அதைக் கோடு, வரிசை, கம்பி, தடம், குழாய், வழி என்று இடத்துக்கு ஒன்றாக எழுதிப் பார்த்தோம். தொழிலாளர்கள் வாயில் மட்டும் அது எப்போதும் "லைன்"தான். லத்தீனில் ஆளி நாரில் திரித்த நூலுக்கு இருந்த பெயரிலிருந்து பிறந்த சொல் இது. அகராதி வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்களிடம் வேண்டுவது இது: உங்கள் தொழிலில் "லைன்" என்றால் சரியாக எந்தப் பொருள், எந்த வேலை? அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன கெடும்? காதல், சினிமாக் கதை, கிரிக்கெட் லைன் மூன்றும் இந்த இழைக்கு வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_ஒயர்மேன்
வீட்டு ஒயரிங்ல லைன்னா டெஸ்டர் வெச்சா எரியற ஒயர், அதாவது ஃபேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுல ஒண்ணு. கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். சுவிட்ச் எப்பவும் லைன்லதான் வரணும். நியூட்ரல்ல சுவிட்ச் போட்டா லைட் அணையும், ஆனா ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். பல்பு மாத்தறவனுக்கு ஷாக் அடிக்கிறது இதனாலதான்.

அதே சொல் மூணு ஃபேஸ்ல வேற மாதிரி. "லைன் வோல்டேஜ்"னா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இருக்கறது, 415. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 240, அது ஃபேஸ் வோல்டேஜ். 240-ஐ 1.732-ஆல பெருக்கினா 415 வரும். புதுசா வர்ற பையன் "லைன்ல எவ்ளோ வருது"ன்னு கேட்டா, எதுக்கும் எதுக்கும் நடுவுலன்னு திருப்பிக் கேக்கணும்.

நெல்லிக்குப்பம்_மோட்டார்
> டெஸ்டர் வெச்சா எரியற ஒயர்

இதுல ஒரு திருத்தம் அண்ணே. டெஸ்டர் எரிஞ்சாலே அது லைன்னு முடிவு பண்ணக் கூடாது. போஸ்ட்லயோ மீட்டர் பக்கமோ நியூட்ரல் அறுந்திருந்தா, வீட்ல ஏதாவது ஒரு லைட் ஆன்ல இருந்தாலும் கரண்ட் அது வழியா நியூட்ரல் ஒயருக்கு வந்து நிக்கும். பிளக்ல ரெண்டு ஓட்டையும் எரியும். "ரெண்டு லைன் வருது"ன்னு ஜனங்க சொல்றது இதைத்தான். லைன் ரெண்டு வரலை, நியூட்ரல் இல்ல. மெயினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல் ஜாயின்ட்டைத் தேடணும். அதுவே மூணு ஃபேஸ் சர்வீஸா இருந்தா இன்னும் மோசம். நியூட்ரல் போனதும் லோடு குறைவா இருக்கற ஃபேஸ்ல வோல்டேஜ் 400 பக்கம் ஏறும். டிவி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்துல போறது அதனாலதான்.

மோட்டார்காரங்க கிட்ட "ஒரு லைன் போச்சு"ன்னா மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரலைன்னு அர்த்தம். நின்ன மோட்டார் கிளம்பாம உறுமும். ஓடிட்டிருந்த மோட்டார் நிக்காது, மீதி ரெண்டு காயில் மேல பாரம் ஏறி சூடாயி வைண்டிங் கருகும். ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலேவை மோட்டார் பிளேட்ல போட்டிருக்கற ஆம்பியருக்குச் சரியா வெச்சு, சிங்கிள் ஃபேஸ் தடுப்பானும் போட்டா தப்பிக்கலாம். அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ரிலேவைத் தூக்கி வெச்சா தடுப்பே இல்லாத மாதிரிதான்.

குறிஞ்சிப்பாடி_ஃபீடர்
அறிவிப்புப் பலகைக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால், முதலில் எழுத வேண்டியது "லைன் கிளியர்". பேச்சில் "எல்சி". மின்கம்பத்தில் ஏறும் முன் அந்த ஃபீடரை (துணைமின் நிலையத்திலிருந்து வரும் மின்பாதை) நிறுத்தி, இனி நாங்கள் திருப்பிக் கொடுக்கும்வரை சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மின்சாரம் விடக் கூடாது என்று துணைமின் நிலையத்திலிருந்து வாங்கும் அனுமதி அது. வரிசை இதுதான்:

பிரேக்கரை டிரிப் செய்ய வேண்டும். கம்பத்தில் உள்ள ஏபி (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்து, மூன்று பிளேடும் பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கைப்பிடி கீழே இறங்கியும் ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு, முக்கியமாக உப்புக்காற்று அடிக்கும் கரையோர ஊர்களில். பிறகு கைப்பிடியில் பூட்டு, பலகை. அடுத்து கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதனை. பின் கம்பியைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு. வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும். முதலில் பூமி முனையை இணைத்துவிட்டுத்தான் கம்பி முனை. கழற்றும்போது முதலில் கம்பி முனை, கடைசியில் பூமி முனை.

இரண்டு பக்கமும் எதற்கு என்று கேட்பார்கள். துணைமின் நிலையத்தில் நிறுத்தியது ஒரு பக்கம் வருவதைத்தான் தடுக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகோ, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்த பிறகோ இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஜெனரேட்டர். வெளி மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக வீட்டு ஒயரிங்கில் சொருகினால், 240 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் கம்பியில் நிற்கும். எல்சி வாங்கிய லைனில் ஆள் சாவது இப்படித்தான். எர்த் ராடு போட்டிருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போகும்.

இன்னொன்று. ஒரே ஃபீடரில் இரண்டு குழு வேலை செய்தால் எல்சியும் இரண்டு. ஒன்று திரும்பியதும் சார்ஜ் செய்யக் கூடாது. வாங்கியவரே திருப்ப வேண்டும். "அவங்களும் இறங்கிட்டாங்க" என்று வேறொருவர் சொன்னதை ஏற்கக் கூடாது.

முதுநகர்_பிளாக்
மேலே எழுதியவர் சொன்ன இதே "லைன் கிளியர்" ரயில்வேயில் நேர் எதிர்ப் பொருளில் வரும். இதைப் பயிற்சிக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எங்களுக்கு லைன் கிளியர் என்றால் "வண்டியை அனுப்பலாம்". ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை உள்ள துண்டு பிளாக் செக்‌ஷன். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அனுப்பும் நிலைய அதிகாரி கேட்பார், வாங்கும் நிலைய அதிகாரி கொடுப்பார். கொடுக்க முக்கியமாக இரண்டு நிபந்தனை. முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். கடைசிப் பெட்டியின் பின்னால் எக்ஸ் குறி, எல்வி (கடைசிப் பெட்டி) பலகை, இரவில் சிவப்பு விளக்கு பார்ப்பது இதற்காகத்தான். நடுவழியில் பெட்டி கழன்று நின்றிருந்தால் அவை தெரியாது. இரண்டாவது, முதல் நிறுத்த சிக்னலைத் தாண்டியும் போதிய தூரம் காலியாக இருக்க வேண்டும். பல வண்ண விளக்கு சிக்னலில் 180 மீட்டர், பழைய இரு நிலைக் கை சிக்னலில் 400 மீட்டர்.

லைன் கிளியர் கேட்கவும் கொடுக்கவும் உள்ள பிளாக் கருவி கெட்டுப்போனால் பேப்பர் லைன் கிளியர். இரண்டு நிலைய அதிகாரிகளும் பிரைவேட் நம்பர் (ரகசிய எண்) பரிமாறிக்கொண்டு, அதை எழுதி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். நம்பர் இல்லாத வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

தண்டவாளத்தில் ஆள் இறங்கி வேலை செய்ய வேண்டுமானால் எங்கள் சொல் "பிளாக்". வண்டியை நிறுத்தினால் டிராஃபிக் பிளாக், மேலே 25,000 வோல்ட் கம்பியை நிறுத்தினால் பவர் பிளாக். மின்வாரியத்தின் எல்சிக்குச் சமமானது எங்கள் பிளாக்தான்.

மஞ்சக்குப்பம்_ஒயர்மேன்
அப்போ தண்டவாளத்தைக் கடக்கற 11 கேவி கம்பி வேலைக்கு ரெண்டும் வேணும்?

முதுநகர்_பிளாக்
இரண்டும் வேண்டும். நீங்கள் பயப்பட வேண்டிய இடமும் அதுதான். கம்பத்தடியில் நிற்கும் இரு துறை ஆட்களில் ஒருவர் போனில் "லைன் கிளியரா?" என்று கேட்கிறார். மின்வாரியத்துக்காரருக்கு அது "கம்பி செத்துவிட்டதா?". ரயில்வேக்காரருக்கு "வண்டி விடலாமா?". இரண்டில் எதற்கு "ஆமாம்" சொன்னாலும் மற்றவருக்கு ஆபத்து. அதனால் அந்த மாதிரி வேலையில் அந்த இரண்டு சொல்லையும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. "11 கேவி நிறுத்தப்பட்டு எர்த் போட்டாச்சு", "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை வண்டி இல்லை" என்று முழு வாக்கியமாகத்தான் பேச வேண்டும்.

சேதராப்பட்டு_பேக்கிங்
மூன்றாவது ஒன்று இருக்கிறது. மருந்து ஆலையில் "லைன் கிளியரன்ஸ்". இங்கே லைன் என்பது பேக்கிங் இயந்திர வரிசை: பிளிஸ்டர் (மாத்திரையை அட்டையில் அடைப்பது), கார்ட்டனர் (அட்டையைப் பெட்டியில் போடுவது), எடை பார்ப்பது, பெட்டி ஒட்டுவது எல்லாம் சேர்ந்தது. ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் முன், முந்தையதன் ஒரு மாத்திரையோ ஒரு லேபிளோ ஒரு துண்டுக் காகிதமோ மிச்சமில்லை என்று பார்த்துக் கையெழுத்திடுவது. உற்பத்திப் பிரிவு துடைக்கும், தரப் பிரிவு தனியாக வந்து பார்க்கும். துடைத்தவரே சரிபார்த்ததாக எழுதினால் அது கிளியரன்ஸ் ஆகாது.

கண்ணுக்கு நேராக இருப்பதை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது கன்வேயர் பெல்ட்டின் அடிப்பக்கம், ஃபீட் சேனலின் மூலை, ரிஜெக்ட் பெட்டியின் அடித்தட்டு, துண்டறிக்கை மடிக்கும் கருவியின் உட்புறம், ஆபரேட்டரின் மேலங்கிப் பை. பிறகு பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் மூன்றையும் முதல் அட்டையில் அடித்து, பேட்ச் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். கடைசியில் கார்ட்டன் கணக்கு: வாங்கியது, பயன்படுத்தியது, கிழித்தது, திருப்பியது. கணக்கு உதைத்தால் ஒன்று வேறு மருந்தோடு வெளியே போயிருக்கலாம். ஒரே நிறுவனத்தின் 5 மி.கி., 10 மி.கி. அட்டைகள் நிறத்திலும் அளவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது இது நடக்கும்.

தேவனாம்பட்டினம்_கையேடு
மின்சாரத்தில் "கம்பி உயிரற்றது", ரயிலில் "பாதை காலி, வா", மருந்தில் "மிச்சம் ஒன்றுமில்லை, தொடங்கு". மூன்றுக்கும் ஒரே மொழிபெயர்ப்பு போட இருந்தோம். நிறுத்திவிட்டேன். "மெயின் லைன்" பற்றியும் யாராவது எழுதுங்கள். அதுவும் எல்லா இடத்திலும் வருகிறது.

பண்ருட்டி_சொட்டுநீர்
சொட்டுநீர்ல மெயின் லைன், சப் லைன், லேட்டரல்னு மூணு. ஃபில்டர்ல இருந்து வால்வு வரைக்கும் போற பிவிசி மெயின். வால்வுக்குப் பிறகு வரப்பு ஓரமா போறது சப். அதுல கிராமெட் (ரப்பர் வளையம்) போட்டு இழுக்கற 16 மி.மீ. கருப்புக் குழாய் லேட்டரல். விவசாயிங்க லேட்டரலையும் "லைன்"னுதான் சொல்லுவாங்க, "பத்து லைன் அடைச்சிருக்கு"ம்பாங்க.

அடைப்புன்னு சொன்னா முதல்ல லைன்ல கை வைக்காதீங்க. ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு அழுத்தக் கேஜையும் பாருங்க. வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினா வலையைக் கழுவணும். அப்புறம் சப் லைன் கடைசியில இருக்கற ஃபிளஷ் வால்வைத் திறந்து தண்ணி தெளிவா வர்றவரைக்கும் விடணும். அதுக்கு அப்புறந்தான் லேட்டரல் கடைசி மடிப்பைக் கழட்டறது, அதுவும் ஒரு நேரத்துல நாலஞ்சு. எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்தா அழுத்தம் விழுந்து அழுக்கு வெளிய வராது, உள்ளயே உக்காரும். இந்த வரிசையை மாத்தி லேட்டரல்ல ஆரம்பிச்சா, சப் லைன் சேறு திரும்ப லேட்டரலுக்கே போகும்.

4 லிட்டர் டிரிப்பர்னா 1 கிலோ அழுத்தத்துலதான் மணிக்கு 4 லிட்டர். பக்கத்து வயலுக்கும் அதே மோட்டார்ல இழுத்தா கடைசி லைன்ல பாதிதான் சொட்டும். மரம் ஏன் ஒரு பக்கம் மட்டும் வாடுதுன்னா அதான்.

சிங்காரத்தோப்பு_தூண்டில்
கடல்ல ஆயிரங்கால் தூண்டிலுக்கும் மெயின் லைன் உண்டு. நீளமா மிதக்கற தாய்க்கயிறு அது. அதுல இடைவெளி விட்டுத் தொங்கறது கிளை லைன், முனையில முள். ரெண்டு கிளைக்கு நடுவுல இருக்கற இடைவெளியில பாதிக்கும் கம்மியாத்தான் கிளையோட நீளம் இருக்கணும். அதை மீறினா பக்கத்துப் பக்கத்து முள்ளு ரெண்டும் எட்டிப் பிடிச்சுக்கிட்டு மொத்தமும் சிக்காயிடும். கிளை எப்பவும் தாய்க்கயிறைவிட பலம் கம்மியா இருக்கணும். பெரிய மீனோ பாறையோ இழுத்தா கிளை அறுந்து ஒரு முள்ளோட போகும். மாத்திப் போட்டா தாய்க்கயிறு அறுந்து அத்தனை முள்ளும் போகும். கிளை சேர்ற இடத்துல சுவிவல் (சுழல்ற இணைப்பு) போடலைன்னா மீன் சுத்தற சுத்துல கயிறு முறுக்கேறும்.

முதுநகர்_பிளாக்
ரயிலில் "மெயின் லைன்" இரண்டு பொருளில் வரும். ஊர்ப் பொருள்: விழுப்புரத்தில் பாதை பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போவது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவது மெயின் லைன். தென்மாவட்ட விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை கார்டில்தான் போகின்றன. பெயர் மட்டும் கடலூர்ப் பாதையோடு நிற்கிறது. நிலையத்துக்குள் வந்தால் பொருள் மாறும். நேராக ஊடுருவிப் போகும் தடம் மெயின், பக்கத்தில் வளைந்து பிரிந்து சேர்வது லூப். லூப்புக்குத் திரும்பும் இடத்தில் வேகம் பெரும்பாலும் 30 கி.மீ., சில இடங்களில் 15. பயணிகள் "மெயின் லைன் வண்டி" என்பதும் சிக்னல் ஆட்கள் "மெயின் லைன்ல வாங்கு" என்பதும் வெவ்வேறு.

வில்லியனூர்_நூல்
கட்டட வேலைக்கு லைன்னா கட்டற நூல்தான். ஆனா "சுவர் லைன்ல இல்ல"ன்னு சொன்னா மூணுல எதுன்னு கேக்கணும். படுக்கையில நேரா இல்லையா, மட்டத்துல ஏத்தம் இறக்கமா, தூக்கு சாயுதா? ஒவ்வொண்ணுக்கும் கருவி வேற: நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு.

வாணம் தோண்ட மார்க் பண்றப்போ மூலை மட்டத்துக்கு 3-4-5 அடி முக்கோணம் எல்லாருக்கும் தெரியும். ஆனா 4 அடியில கால் அங்குலம் பிசகினா 20 அடியில ஒண்ணேகால் அங்குலம் ஆயிடும். இடம் இருந்தா 9-12-15 பிடிங்க. அப்புறம் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நைலான் நூல் 25 அடிக்கு மேல போனா நடுவுல தொய்யும், ஒரு செங்கல்லை மட்டத்துல வெச்சுத் தாங்கிக் கட்டணும். முக்கியமானது: செங்கல் நூலைத் தொடக் கூடாது, நூல் கனம் அளவுக்கு இடைவெளி இருக்கணும். ஒரு கல் முட்டித் தள்ளினா அதுக்கு அப்புறம் வைக்கற கல் எல்லாம் தள்ளின நூலைப் பாத்துத்தான் உக்காரும். சுவர் வயிறு தள்றதுக்குக் காரணம் பாதி இதுதான்.

அரியாங்குப்பம்_பைப்
பிளம்பிங்ல சப்ளை லைன், வேஸ்ட் லைன், சாயில் லைன் (கழிவறைக் குழாய்). 4 அங்குல வேஸ்ட் லைனுக்கு வாட்டம் 40-க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். 6 அங்குலத்துக்கு 60-க்கு 1 போதும். வாட்டம் கம்மியானா தேங்கும். ரொம்ப செங்குத்தா வெச்சாலும் தண்ணி முந்திப் போயி கெட்டி பின்னால தங்கும்.

புதுவை_பக்கவடிவம்
அச்சில் இரண்டு இடம். ஒன்று வரி இடைவெளி. ஆங்கில எழுத்துருவுக்கு மென்பொருள் தானாகப் போடும் 120 சதவீதம் தமிழுக்குப் போதாது. மேலே புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே உகர ஊகார வாலும் இருப்பதால் 11 பாயின்ட் எழுத்துக்கு 13.2 வைத்தால் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் இடிக்கும். 15 வையுங்கள். உங்கள் அறிவிப்புப் பலகைக்கும் இது பொருந்தும். மற்றொன்று அட்டைப் பெட்டி வரைபடம்: வெட்டும் லைன், மடிக்கும் லைன். இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டு அனுப்பினால், டை (அட்டை வெட்டும் அச்சு) செய்பவர் மடிக்க வேண்டிய இடத்தில் கத்தியை வைத்துவிடுவார்.

கோரிமேடு_வார்டு
மருத்துவமனையில் "லைன் போடு" என்றால் நரம்பில், அதாவது சிரை ரத்தக்குழாயில், கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்). பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூட ஊசி மெலிசு. "லைன் அவுட்" என்றால் மருந்து நரம்பை விட்டு வெளியே சுற்றியுள்ள திசுவில் இறங்குகிறது: வீக்கம், வலி, சொட்டு மெதுவாகும். உடனே நிறுத்திக் கழற்ற வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. "ஃபர்ஸ்ட் லைன் மருந்து" வேறு. அங்கே லைன் என்பது முறை, எதை முதலில் கொடுப்பது என்பது. காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் முதல் வரிசை.

திருப்பாதிரிப்புலியூர்_கடைவீதி
கடைக்காரர்களுக்கு லைன் என்றால் வசூல் சுற்று, தண்டல். 8,500 கையில் கொடுத்து 100 நாள் 100 ரூபாயாக வாங்குவார்கள். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைவதால் சராசரியாகக் கையில் இருந்த பணம் பாதிதான். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்துக்கு மேல்.

தாழங்குடா_மனை
கரையோரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லைனும் உண்டு: உயர் அலைக் கோடு. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் அதிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர்வரை. மனை வாங்குபவர்கள் இன்று அலை தொடும் இடத்திலிருந்து டேப் பிடிக்கிறார்கள், அது தவறு. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் வரைந்த கோடுதான் கணக்கு. மணல் சேர்ந்து கடல் தள்ளிப்போன மாதிரி தெரிந்தாலும் வரைபடக் கோடு தானாக நகராது.

தேவனாம்பட்டினம்_கையேடு
மின்வேலைப் பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "லைன் கிளியர் கொடுக்கப்பட்டுள்ளது. சுவிட்சைப் போடாதீர்."

குறிஞ்சிப்பாடி_ஃபீடர்
முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ரயில் பாதை ஓரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று மேலேயே எழுதியிருக்கிறார்கள். "ஆள் கம்பத்தில் வேலை செய்கிறார். சுவிட்சைப் போடாதீர்." கீழே ஃபீடர் பெயர், எந்தக் கம்பம் முதல் எந்தக் கம்பம்வரை, நிறுத்திய நேரம், அனுமதி எண், வாங்கியவர் பெயர். எல்லை ஊர்களில் புதுவை மின்துறையா, தமிழ்நாட்டு மின்வாரியமா என்பதும் வேண்டும். கம்பத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

முதுநகர்_பிளாக்
அதோடு ஒன்று: "இப்பலகையை மாட்டியவரே எடுக்க வேண்டும்."

தேவனாம்பட்டினம்_கையேடு
சேர்த்துவிட்டேன். வரி இடைவெளியும் கூட்டியாயிற்று. மருந்து ஆலைப் பலகை அடுத்தது. சேதராப்பட்டுக்காரர் சொன்ன அந்த ஐந்து மறைவிடங்களையும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக் கட்டத்தோடு போடுகிறேன்.

சேதராப்பட்டு_பேக்கிங்
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் போடுங்கள். துடைத்தவருக்கு ஒன்று, பார்த்தவருக்கு ஒன்று.